செவ்வாய்க்கிழமை மூன்று மணி

என் நோட்டைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. என் கணவர் அதற்கு வைத்த பெயர் பஞ்சாங்கம். சிரிக்கட்டும். வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, காற்றுப் புகாத சமையலறை டப்பாக்களைத் திறந்து மூடிக் காட்டி விற்கிற தொழில் என்னுடையது. இதில் எத்தனையோ பேர் ஆர்ப்பாட்டமாக வந்து ஆறே மாதத்தில் காணாமல் போனார்கள். நான் இன்னும் நிற்கிறேன் என்றால் அதற்குப் பாதிக் காரணம் என் வாய், மீதிக் காரணம் அந்த நோட்டு.

ஐயப்பன்தாங்கலில் எங்கள் ஃப்ளாட்டின் பீரோ பக்கத்தில் மூன்று பைகள் எப்போதும் தயாராக நிற்கும். சிவப்புப் பையில் ஜமக்காளம், கைத்துண்டு, ஆர்டர் புத்தகம், இரண்டு பேனா. ஒரு பேனாவை யாராவது ஒரு புண்ணியவதி மறந்தாற்போல எடுத்துப் போய்விடுவார், அதனால்தான் இரண்டு. நீலப் பையில் டப்பாக்கள். பச்சைப் பையில் ஜக்கு, தம்ளர்கள், பரிசாகக் கொடுக்கும் சின்னக் கிண்ணங்கள். கடைசியில் காட்டுவது அடியில், முதலில் காட்டுவது மேலே. என் கண்ணைக் கட்டிவிட்டாலும் அரை லிட்டர் உருண்டை டப்பாவை எடுத்துவிடுவேன். கூட்டத்துக்கு முன்னால் பையைக் குடைந்துகொண்டு நின்றால் பாதி வியாபாரம் அங்கேயே போச்சு.

நோட்டில் வாரத்துக்கு ஒரு பக்கம், நாளுக்கு மூன்று கட்டம். எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் லிஃப்ட் வேலை செய்யாது, யார் வாங்காமல் மூடியை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுப் போவார், எல்லாம் அதில் உண்டு. திங்கள், புதன், வியாழன் அடைத்துக்கொண்டு கிடக்கும். செவ்வாய் மூன்று மணிக் கட்டம் மட்டும் வாராவாரம் காலி. யாரைக் கேட்டாலும், "அன்னிக்கு வேணாங்க, வேற நாள் பார்க்கலாம்" என்பார்கள். ஏன் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அவசரத்துக்கு ஒரு இடம் சும்மா கிடக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

அந்த இடத்தைத்தான் செம்பரம்பாக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்தேன். ஏரிக்கு இந்தப் பக்கம், பழைய ஊருக்குள் அவளுடைய வீடு. ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம். இப்போது நிலத்தில் பாதி பிளாட்டாகவும் மீதி குடோனாகவும் ஆகிவிட்டது. அவள் பி.காம். படித்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரேஷன் கடை, கோவில், வீடு, அவ்வளவுதான். குமணன்சாவடியில் தன் அக்கா வீட்டில் நான் நடத்திய கூட்டத்துக்கு வந்தவள், அதன் பிறகு இன்னும் இரண்டு கூட்டத்துக்குத் தேடிக்கொண்டு வந்தாள். எதுவும் வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள் பைகளைக் கட்டும்போது கேட்டாள்.

"அக்கா, நானும் இதப் பண்ணலாமா?"

பண்ணலாம். ஆனால் மாமியார் விட வேண்டும். அந்த அம்மாவின் நிபந்தனையைப் போனில் அப்படியே சொன்னாள்: "ஒரே ஒரு தபா என் கண்ணு முன்னால நம்ம ஊட்ல நடக்கட்டும். பத்து பொம்பளைங்க வந்து ஒக்காந்தா நீ எங்க வேணாலும் போ. இல்லாங்காட்டி இந்தப் பேச்சையே எடுக்காத."

"பத்து பேர்தானே? நான் பார்த்துக்கறேன்" என்றேன். நோட்டைத் திறந்து பார்த்தேன். "செவ்வாய்க்கிழமை மூணு மணி. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிடு."

"செவ்வாக்கெழமையாக்கா?" என்று ஒரு முறை திருப்பிக் கேட்டாள். பிறகு, "சரிக்கா" என்றாள்.

மூன்றுக்கு இருபது நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, பைகளை வரிசையாக வைத்து, கைத்துண்டை மடித்துப் போட்டேன். மாமியார் சுவரோரம் நாற்காலியில், கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைப் பருத்திப் புடவையில் உட்கார்ந்திருந்தார். மூன்று ஆயிற்று. மூன்றேகால் ஆயிற்று. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. தெருவை எட்டிப் பார்த்தேன், ஈ காக்காய் இல்லை.

"இன்னாமா, யாரத் தேடற?" என்றார் மாமியார். "செவ்வாக்கெழம மூணு மணிக்கு எவ ஊட்ல இருப்பா? ராகு காலம். எல்லாரும் கோவில்ல துர்க்கைக்கு எலுமிச்சம்பழ வெளக்கு போட்டுகினு இருப்பாளுங்க. நானே போவ வேண்டியது. உன் கூத்தப் பாக்கத்தான் ஒக்காந்துகினு கீறேன்."

எனக்கு முகம் சுட்டது. என் அப்பா தீவிரமான பகுத்தறிவுக்காரர். ராகு காலம், எமகண்டம் எதுவும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. மூன்றிலிருந்து நாலரை வரை அந்தக் கட்டம் ஏன் காலியாகவே இருந்தது என்பது, இத்தனை வருடம் கழித்து, ஊரார் வீட்டுக் கூடத்தில் நின்றபோதுதான் மண்டையில் ஏறியது. நாய் வரைக்கும் எழுதிவைத்தவளுக்கு இது தெரியவில்லை. வெட்கத்தைக் கோபமாக்குவதில் நான் கெட்டிக்காரி. அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்தேன்.

"உனக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லல?"

"நீங்க நோட்டப் பாத்து சொன்னீங்கக்கா. நோட்டுல இருந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்." அவள் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் என்ன திட்டுவது?

"அம்மா, தப்பு என்னோடதுதான். வேற ஒரு நாள் வச்சுக்கலாமா?" என்று மாமியாரிடம் கேட்டேன்.

"ஒரு தபான்னுதான் சொன்னேன்."

அவ்வளவுதான், முடிந்தது என்று ஜமக்காளத்தின் ஒரு முனையைக் கையில் எடுத்தேன். அப்போது அந்தப் பெண் குனிந்து நீலப் பையின் ஜிப்பைத் திறந்தாள். கை நேராக இரண்டாவது அடுக்குக்குப் போயிற்று. பார்க்காமலே அரை லிட்டர் உருண்டை டப்பாவை எடுத்தாள், ஓரத்திலிருந்து அதற்கான மூடியையும் உருவினாள். என் பையில் என்னைத் தவிர யாரும் அப்படிக் கைவிட்டதில்லை.

"அத்தே, நான் கோவிலுக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்றாள்.

கோவிலுக்குப் போகிறவளை எந்த மாமியார் தடுப்பார்? போய்விட்டாள். நானும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிளம்பிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் என் டப்பா அவளிடம் இருந்தது, தவிர நடுவில் எழுந்து போகிற வழக்கம் எனக்கு இல்லை. பைகளைப் பிரித்து மறுபடி அடுக்கினேன். மாமியார் விடாமல் பார்த்தார்.

"ஏன் மூடிய தனியா வச்சிகீற?"

"மூடி போட்டு வச்சா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகாதும்மா. இடத்த அடைச்சுக்கும்."

"ம். பெரிசு ஏன் அடில கீது?"

"அத கடைசிலதான் காட்டுவேன். முதல்லயே காட்டிட்டா அப்புறம் சின்னத யாரும் பாக்க மாட்டாங்க."

"கில்லாடிதான்" என்றார். சிரிக்கவில்லை.

நாலரை தாண்டித் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் முன்னால் வந்தாள். பின்னால் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, காலி எண்ணெய்ப் பாட்டிலும் தட்டுமாகப் பெண்கள். விளக்குப் போடுகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி, சாற்றைப் பிழிந்து கீழே விட்டுவிட்டு, தோலைக் கிண்ணமாகத் திருப்பித்தான் எண்ணெய் ஊற்றுவார்கள். அவள் கோவிலில் ஒவ்வொருத்தியிடமும் டப்பாவை நீட்டி, "சாறக் கீழ ஊத்தாதீங்க, இதுல ஊத்துங்க, எங்க ஊட்ல ஜூஸ் போடலாம் வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். டப்பா கழுத்து வரை நிறைந்திருந்தது.

எல்லாரும் உட்கார்ந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் பிழைப்பில் அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தது அன்று ஒரு நாள்தான். அவள் மூடியை அழுத்தி, நடுவில் கட்டைவிரலால் காற்றை வெளியேற்றி, ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டினாள். நான் செய்வது போலவே செய்தாள். பிறகு நேராக நாற்காலியிடம் போனாள்.

"அத்தே, கொஞ்சம் அசையாதீங்க."

டப்பாவை அந்த வெள்ளைப் புடவை மடியில் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

நான் கைத்துண்டில் கவிழ்ப்பேன், என் சொந்த மடியில்கூடக் கவிழ்த்ததில்லை. அவள் டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்கினாள். தூக்கினாள். மாமியார் புடவையைத் தடவிப் பார்த்தார், பிறகு விரலை மோந்து பார்த்தார்.

"சொட்டுகூட வரல" என்றார்.

அப்புறம் எதற்கும் நிற்க நேரமில்லை. அவள் பச்சைப் பையிலிருந்து ஜக்கை எடுத்துச் சர்க்கரையும் உப்பும் போட்டுக் கலக்கினாள். நான் தம்ளர் கொடுக்கும் ஆளானேன். சின்னதிலிருந்து பெரியது வரை வரிசை பிசகாமல் காட்டினாள். ஆர்டர் புத்தகம் கைமாறிக்கொண்டே இருந்தது. வழக்கம்போல ஒரு பேனா காணாமல் போயிற்று.

நடுவில் அவள் உதடு அசைவதைக் கவனித்தேன். தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நானும் எண்ணினேன். ஒன்பது. என்னைச் சேர்க்க முடியாது, அவளையும் சேர்க்க முடியாது. மறுபடி எண்ணினேன், ஒன்பதுதான். பெரிய டப்பாவைக் கையில் வைத்தபடி அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். முகம் விழுந்துவிட்டது.

"இன்னா நிறுத்திட்ட?" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்தே. ஒம்போது பேருதான்."

மாமியார் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, ஜமக்காளத்தில் மற்றப் பெண்களை நகரச் சொல்லிவிட்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பத்தாவது ஆளு கண்ணுக்குத் தெரியலயா? அந்தப் பெரிசக் காட்டு, பாப்போம்."