பாரசீகத் தோட்டத்தில் ரம்புத்தான்

வஞ்சகன் எப்படிப் பேசுவான் என்று நன்றாகத் தெரிந்த ஒருத்தியை வஞ்சிக்க முடியுமா?

பூங்காவனத்துக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் தையல் எந்திரத்தை மிதித்தபடி அவள் சொல்லிவந்த பாரசீகக் கதையில் இரண்டு மந்திரிகள் உண்டு. ஓவியத்தில் பார்த்த பெண்ணைத் தேடிக் கடல் தாண்டி வந்த இளவரசனிடம், மற்றவனே துரோகி என்று இருவரும் சத்தியம் செய்வார்கள். இளவரசன் பொய்யனைத்தான் நம்புவான். கப்பலில் சமையல் செய்த அப்பா சொன்ன கதை அது. தம்பி தியாகு பாதியிலேயே தூங்கிவிடுவான். முழுக்கக் கேட்டவள் அவள்தான்.

பெரிய கதைசொல்லி என்று அவளைச் சொல்லிவிட முடியாது. கேட்பவர் முகத்துக்குத் தகுந்தபடி கதையை வளைப்பாள். ரவிக்கை தைக்க வரும் மலாக்காச் செட்டிப் பெண்கள் தலைமுறைகளாக மலாயே பேசுபவர்கள்; தமிழ் வராது. அவர்களுக்காக மலாயில் சொன்னாள். அவளை மலாய் வழக்கப்படி 'காக்', அதாவது அக்கா, என்று அழைக்கும் கண்ணம்மா அவர்களில் ஒருத்தி. ஒருநாள் அவள் கேட்டாள்: "தோட்டத்துல ஒளிஞ்ச இளவரசன் என்னத்தைத் தின்னான், காக்?" அன்று தட்டில் இருந்தது மலாயாவில் காய்க்கும் ரம்புத்தான் பழம். "ரம்புத்தான்" என்றாள் பூங்காவனம். அதற்குப் பிறகு அந்தப் பழம் கதையை விட்டுப் போகவில்லை.

சிங்கப்பூரில் மலாய்ப் படக் கம்பெனியில் வேலை செய்த தியாகு 1955இல் வந்து, மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

"திரையில உன் பேரு வரும்க்கா. பெருசா வரும்."

அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுவருஷம் படம் மலாக்காவுக்கு வந்தபோது அவளும் சேர்த்து எட்டுப் பெண்கள் நல்ல கெபாயாச் சட்டை உடுத்திக் கிளம்பினார்கள். 'கதை: தியாகு' என்று எழுத்து வந்து போனது.

"கடைசியில போடுவாங்களோ?" என்றாள் கண்ணம்மா.

படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எட்டுப் பேரும் எழவில்லை. கூட்டுகிற ஆள் வந்து விரட்டினான்.

அடுத்த வாரம், பாரசீகத்தில் ரம்புத்தான் எப்படிக் காய்த்தது என்று ஒரு மலாய்ப் பத்திரிகை கிண்டல் செய்தது. தியாகு பதில் எழுதியிருந்தான். கண்ணம்மா அதை உரக்கப் படித்தாள்: கதை முழுவதும் தன்னுடையது, அந்த ஒரு பிழை மட்டும், மலாக்காவில் தையல் வேலை செய்யும் படிக்காத அக்கா பூங்காவனம் சொன்னது.

"பார்த்தியா காக், உன் பேரு வந்துடுச்சு!"

பெண்கள் சிரித்தார்கள். பூங்காவனமும் சிரித்தாள். எந்திரத்தில் நூல் அறுந்திருந்தது தெரியாமல் ரவிக்கையின் ஒரு கை முழுவதும் வெறும் ஊசியால் தைத்து முடித்தாள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மாதம் தியாகு மறுபடி வந்தான். கையில் புது நோட்டு.

"முதலாளி இன்னொண்ணு கேக்கிறாருக்கா. அப்பா சொன்ன இன்னொரு கதை இருக்குமே?"

வாசலில் நின்ற கண்ணம்மா, "வாயைத் திறக்காதே, காக்" என்றாள்.

பூங்காவனம் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒன்று விடாமல் சொன்னாள். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் சொன்னாள் என்று கண்ணம்மா பல வருஷம் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பூங்காவனம், இளவரசன் பொய்யனை நம்பும் இடத்திலிருந்து பழைய கதையைத் தொடங்கினாள்.