நேராக நின்ற புகை

மஞ்சக்குட்டை சிவரஞ்சனிக்குக் காற்றை அளக்கும் வேலை. சுரங்கத்துக்குள் காற்று எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே கதவு போட வேண்டும், எவ்வளவு பெரிய விசிறி வேண்டும் என்று கணக்குப் போட்டுத் திட்டம் தருகிறவள். "காத்த அளக்கறதுக்கெல்லாம் சம்பளமுங்களா?" என்று ஜீப்பில் கூட வருகிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அவர்களில் ஒருவராவது காற்று நின்ற இடத்தில் மூச்சு விட்டுப் பார்த்திருப்பாரா?

குப்பனூர்ப் பக்கம் அடிவாரத்தில் எங்கள் சுரங்கம். ஒரு வாய் வழியாக நல்ல காற்று உள்ளே போகும். இன்னொரு வாயில் உள்ள பெரிய விசிறி கெட்ட காற்றை வெளியே இழுக்கும். அது ஒருநாளும் நிற்கக் கூடாது என்று தொண்டை வற்றச் சொல்லியிருந்தாள்.

போன ஆயுத பூஜையன்று மேஸ்திரி முருகேசன் நல்ல காற்று போகும் வாசலில் பொரி, கடலை, பூசணிக்காய் வைத்து ஊதுபத்தி கொளுத்தினார். கும்பிடக் கையெடுத்த சிவரஞ்சனி அப்படியே நின்றுவிட்டாள். வாசலுக்குள் வளைந்து போக வேண்டிய புகை நேராக மேலே போனது.

"ஏனுங்க, ஃபேன் ஓடலீங்களா?"

"நேத்துப் பொழுதோடவே நிறுத்திக் கழுவி, பொட்டு வெச்சு மாலை போட்டாச்சுங்க அம்மணி. அதுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாங்களா? உள்ளாற ஆளே இல்லீங்களே."

அவள் விளக்கறைக்கு ஓடினாள். உள்ளே போகிறவர்கள் எடுத்துப்போகும் தலைவிளக்குகளின் கொக்கிகளில் ஒன்று காலி. பம்ப் ஓட்டும் பெருமாளுடையது. முருகேசனின் மருமகன்.

"ஐயோ, மாப்பிள்ளை பம்புக்குப் பொட்டு வெக்கப் போயிருப்பாருங்க!" பின்னாலேயே வந்த முருகேசன் சுரங்க வாயை நோக்கிப் பாய்ந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போனா நீங்களும் உழுந்துருவீங்க. மொதல்ல ஃபேனப் போடச் சொல்லுங்க!"

விசிறி சுழன்றதும் மாலை பிய்ந்து பறந்தது. புகை உள்பக்கம் சாயும்வரை அவள் ஒருவரையும் விடவில்லை. அப்புறம்தான் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு இரண்டு பேரோடு இறங்கினாள்.

கடைசிப் பள்ளத்தில், பொட்டு வைத்த பம்பின்மேல் சாய்ந்து கிடந்தான் பெருமாள். உயிர் இருந்தது. வெளியே தூக்கி வந்து போட்டார்கள். வெகுநேரம் கழித்து, மாமனாரைப் பார்த்து வாய் குழறிப் பேசினான்.

"கற்பூரம் எரிஞ்சு நிக்கவே மாட்டேங்குதுங்க மாமா. சாமிக்கு என்ன குத்தமோன்னு திரும்பத் திரும்பப் பத்த வெச்சுட்டே இருந்தனுங்க."

"குத்தம் என்னுதுங்க மாப்பிள்ளை" என்றார் முருகேசன்.