அடியில் புள்ளி, அடியில் கோடு

குப்பை பிரிக்கும் கொட்டகையில் அவளுக்குப் பெயர் புள்ளியக்கா. எந்தப் பாட்டில் கைக்கு வந்தாலும் தலைகீழாகத் திருப்பி அடியைத்தான் முதலில் பார்ப்பாள். அடி நடுவில் சின்னப் புள்ளி துருத்திக்கொண்டிருந்தால் அது மறுசுழற்சி ஆலை வாங்கும் சரக்கு. புள்ளிக்குப் பதில் கோடு ஓடினால் அது வேறு பிளாஸ்டிக்; ஒன்றிரண்டு கலந்து உருகினாலும் மொத்தச் சரக்கும் கருகிப் பாழ். ஆறு வருடமாக அடி பார்த்தே அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. கூட வேலை செய்யும் பதினோரு பெண்கள் வீட்டிலும், தெருத்தெருவாக வண்டி தள்ளிக் குப்பை எடுத்து வரும் நாலு வேலையில்லாப் பட்டதாரிகள் வீட்டிலும் அப்படித்தான்.

மூலையில் இன்னொரு குவியல் உண்டு. காகிதத்தின் மேல் பிளாஸ்டிக்கை ஒட்டிய கண்றாவிகள் அத்தனையும் அங்கே போகும். இரண்டையும் பிரிக்க முடியாது, ஒருத்தரும் வாங்க மாட்டார்கள், பார்க்க மட்டும் பளபளவென்று இருக்கும். அந்தக் குவியலுக்குப் புள்ளியக்கா வைத்த பெயர் 'ஒருங்கிணைப்பாளர்'.

உயிருள்ள ஒருங்கிணைப்பாளர், கொட்டகையை நடத்தும் தொண்டு நிறுவனத்துக்காரர், மாதம் ஒருமுறை வருவார். காரை விட்டு இறங்கும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். கேமராவைக் கண்டால்தான் கீழே வரும். "என் பெண்கள், என் பெண்கள்" என்று உருகுவார், என்னவோ பெற்று வளர்த்தவர் மாதிரி. அதில் ஒருத்தியின் பெயராவது தெரியுமா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

அன்று காலை அவர் அழைத்து வரும் விருந்தினர்கள், மதியம் ஆலை லாரி. போன தடவை அனுப்பிய சரக்கில் கோட்டுப் பாட்டில் சிக்கியதால், இன்னொரு முறை ஒன்று கண்ணில் பட்டாலும் இந்தக் கொட்டகைப் பக்கமே வரமாட்டோம் என்று ஆலைக்காரர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். வேறு ஆலை கிடையாது. பத்து நாளாகப் பெண்கள் ஒவ்வொரு பாட்டிலையும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்து மூட்டை கட்டியிருந்தார்கள்.

ஒருங்கிணைப்பாளருக்கு அது போதவில்லை. கொட்டகைப் பாட்டில்கள் நசுங்கியிருக்கின்றன, படத்தில் எடுபடாதாம். காரிலிருந்து மின்னுகிற புதுப் பாட்டில்களை இறக்கினார். விருந்தினர்கள் ஆளுக்கொன்றாகக் கடைசி மூட்டையில் போட, படம் எடுப்பதாக ஏற்பாடு. புள்ளியக்கா ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். கோடு.

"சார், இது ஆகாது. அடியில கோடு இருக்கு."

"புது பாட்டில்மா. கழுவி வேற வச்சிருக்கேன்."

"கழுவினா கோடு போயிடுமா?"

"பெரியவங்க வந்திருக்கற நேரத்துல இப்படியா பேசறது? அப்புறம் பார்த்துக்கலாம். சிரிச்ச முகமா நில்லு."

நின்றாள். சிரிக்கவில்லை. ஒன்பது பெரிய மனிதர்கள் கையுறை மாட்டிக்கொண்டு, செத்த எலியைத் தூக்குவது போல ஆளுக்கொரு பாட்டிலைத் தூக்கிப் போட்டார்கள். மூட்டையின் வாயை ஒருங்கிணைப்பாளரே தைத்தார், அதுவும் கோணல்மாணலாக. பிறகு, இந்தப் பெண்களுக்கு விழிப்புணர்வு ஊட்டியது யார் என்று முக்கால் மணி நேரம் பேசினார். யார் என்று சொல்லவா வேண்டும்!

பேச்சு முடிவதற்குள் லாரி வந்துவிட்டது. மூட்டைகள் ஏற ஏறப் புள்ளியக்கா கடைசி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மூட்டையைத் தூக்க ஆள் குனிந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. கத்தியை எடுத்துத் தையலை ஒரே இழுப்பில் அறுத்து, விருந்தினர்களின் காலடியில் மொத்தத்தையும் கொட்டினாள்.

"என்னம்மா பண்றே? மானம் போகுது!"

"உங்க மானம்தானே சார்? எங்க சோறு போகலையே."

அவள் குந்தி உட்கார்ந்ததும் மற்ற பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். தேடவே வேண்டியிருக்கவில்லை, நசுங்கியதற்கு நடுவில் நசுங்காதவை ஒன்பது. பொறுக்கியெடுத்துப் பெரிய மனிதர்கள் கையில் ஆளுக்கொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். "இந்தாங்க, உங்களோடது." கையுறையைக் கழற்றிவிட்ட கனவான்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்கள். ஆலையிலிருந்து வந்தவர் நாலு மூட்டையைப் பிரித்துக் கிண்டிப் பார்த்தார். கோடு ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஒருங்கிணைப்பாளரும் வந்தார், பன்னிரண்டு சான்றிதழ்களோடு. 'பாட்டில் பிரிக்கும் அடிப்படைப் பயிற்சி பெற்றவர்' என்று அச்சடித்திருந்தது. பயிற்சி அளித்தவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து. பெயருக்கான இடம் காலி; அவரவரே எழுதிக்கொள்ள வேண்டுமாம். மேலே வழவழவென்று பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது.

"பத்திரமா வச்சுக்கம்மா."

புள்ளியக்கா கைப்பழக்கத்தில் நகத்தால் முனையைக் கீறிப் பார்த்தாள். காகிதம் வேறு, பிளாஸ்டிக் வேறு என்று பிரிந்து வரவில்லை.

"வைக்க வேண்டிய இடத்துலயே வச்சிடறேன் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலைக்குப் போய், 'ஒருங்கிணைப்பாளர்' குவியலின் உச்சியில் போட்டாள்.