சுடரைச் சுற்றி வட்டங்கள்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்த டி.டி.பி. சென்டரில் என்னை டைப் அடிக்கத்தான் வைத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. படம் வரைகிற வேலையை ஒரு அண்ணன் பார்த்துவந்தார். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த கொஞ்ச நாளில் அவர் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கடை நடத்திய அக்கா வேறு ஆள் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் தீப்பெட்டி செய்யும் ஆபீஸ் வைத்திருந்த ஒருவர் புது லேபிள் வரைய வந்தார்.

"நடுவுல ஒரு தீச்சுடர். அதச் சுத்தி வளையம் வளையமா வெளிச்சம் பரவணும். எல்லா வளையமும் ஒரே சீரா இருக்கணும், பாத்துக்கிடுங்க" என்றார்.

அக்கா தயங்கினார். "வரைய ஆள் இல்ல அண்ணாச்சி. சிவகாசிக்கு அனுப்பித்தான் வாங்கணும்."

"நான் வரையுதேன்க்கா" என்றேன்.

"ஏட்டி, ஒனக்கு அது தெரியுமா?"

"தெரிஞ்சுக்கிடுதேன்."

 சொன்ன பிறகு பின்வாங்க மனமில்லை. புதூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மழை ஏமாற்றிய வருடங்களில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிடுவேன். கிளி, தாமரை, சாவி என்று லேபிள் விதவிதமாக வரும். இதையெல்லாம் யார் வரைவார்கள் என்று அம்மாவிடம் கேட்பேன். "சிவகாசியில எவனாவது இருப்பான். நீ ஒட்டு" என்பாள். அந்த 'எவனாவது' இந்த ஒருமுறை நானாக இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் போட எனக்குத் தெரியும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸை இழுத்தால் கோணாத வட்டம் வரும். அதை நகலெடுத்துப் பத்தில் ஒரு பங்கு சிறிதாக்கினேன். அந்த நகலை மறுபடி நகலெடுத்து, மறுபடி பத்தில் ஒரு பங்கு. இப்படியே உள்ளே போய்க்கொண்டிருந்தேன். வெளி வளையங்கள் தாராளமாக விலகி நின்றன. உள்ளே போகப் போக நெருக்கியடித்துக்கொண்டு சுடரையே மூடிவிட்டன. ஒவ்வொன்றையும் மவுஸால் இழுத்துச் சரிசெய்யப் பார்த்தேன். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது கெட்டது. கடைசியில் மையமே விலகிவிட்டது.

சாயந்திரம் அக்கா பிரிண்ட் எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணக் கட்டுதுட்டி. நாளைக்கு சிவகாசிக்குப் போன் போட்டுருதேன்."

"நாளைக்கு ஒரு நாள் பொறுங்கக்கா."

அக்கா பிரிண்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முழுக்கப் போராடியும் அதே கதைதான். மதியம் கரண்டும் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. கடையில் ஜெராக்ஸோடு நோட்டு, பேனாவும் விற்றதால் கண்ணாடி அலமாரியில் காம்பஸ் டப்பாக்கள் இருந்தன. ஒன்றைப் பிரித்தேன்.

"ஏட்டி, விக்கிற சாமானப் பழசாக்குதியே!" என்றார் அக்கா.

"நானே வாங்கிக்கிடுதேன்க்கா" என்று, வீணாய்ப்போன பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் முள்ளை ஊன்றினேன். ஒரு வட்டம். ஸ்கேலில் வைத்து அரை சென்டிமீட்டர் கூட்டி விரித்து இன்னொன்று. மறுபடி அரை சென்டிமீட்டர். வட்டங்கள் நூல் பிடித்தாற்போல வந்து நின்றன. காம்பஸைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தேன். காகிதத்தில் நான் ஒவ்வொரு முறையும் ஒரே அளவைக் கூட்டினேன். கம்ப்யூட்டரிலோ ஒரே பங்கைக் குறைத்துக்கொண்டிருந்தேன். பெரிய வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு பெரிது. சின்ன வட்டத்தில் அது கொஞ்சம்தான். பின்னே இடைவெளி எப்படி ஒன்றுபோல வரும்?

கரண்ட் வரும்வரை அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவைத்தேன். வந்ததும் மவுஸால் இழுக்கவில்லை. ஒவ்வொரு நகலுக்கும் திரையில் அளவு காட்டும் கட்டத்தில் எண்ணையே அடித்தேன். முதலில் இடைவெளி நான் நினைத்ததில் பாதிதான் வந்தது. விட்டத்தில் குறைப்பது இரண்டு பக்கமும் பிரிந்துபோகிறது என்று புரிய மேலும் கொஞ்ச நேரம் ஆனது. இரட்டிப்பாகக் குறைத்து மறுபடி முதலிலிருந்து அடித்தேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே மையத்தில் நிறுத்தினேன். சுடரைச் சுற்றி வெளிச்சம் ஒரே சீராகப் பரவியது. அக்கா பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்குப் போன் போடுதேன்" என்றார்.

அண்ணாச்சிக்குப் பிடித்தது. அச்சடிக்க வாங்கிக்கொண்டு போனார். நானும் அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கரிசல் காட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த வாரம் அவர் அச்சுத்தாளோடு திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"ஏம்மா, நான் வெளிச்சத்தல்லா கேட்டேன். கரியத் தந்துட்டீங்களே!"

தாளை வாங்கிப் பார்த்தேன். தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியதில் மை பரவி, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சுடரைச் சுற்றி ஒரே கறுப்பு. நான் பெரிய தாளில் மட்டுமே பிரிண்ட் எடுத்துப் பார்த்திருந்தேன். பெட்டி எவ்வளவு சின்னது என்பது, எத்தனையோ லேபிள் ஒட்டிய எனக்கே உறைக்காமல் போயிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். சிவகாசி என்ற சொல் அவர் வாயில் வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணாச்சி, இங்கனயே உக்காருங்க. ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தாரேன்."

வளையங்களைப் பாதியாகக் குறைத்தேன். இடைவெளியை அகலமாக்கினேன். இந்த முறை தடுமாற ஒன்றுமில்லை, வழிதான் தெரியுமே. பெட்டியின் அளவுக்கே பிரிண்ட் எடுத்து, அவர் கையிலிருந்த பழைய தீப்பெட்டி மேல் வைத்துக் காட்டினேன். டம்ளரில் டீ இன்னும் மிச்சமிருந்தது. அவர் பெட்டியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"இதான். இதத்தான் கேட்டேன்."

அவர் போன பிறகு அக்கா, "இனி ஆள் தேடல. நீயே பாத்துக்கிடு" என்றார். டைப் அடிக்க வேறொரு பெண்ணை வைத்தார்.

பல மாதம் கழித்து அந்த மென்பொருளைத் துழாவிக்கொண்டிருந்தபோது, சம இடைவெளியில் வட்டத்துக்குள் வட்டம் போட அதிலேயே ஒரு வசதி இருப்பதைக் கண்டேன். இடைவெளியையும் எண்ணிக்கையையும் சொன்னால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அடப்பாவி! இம்புட்டு நாளா இத எங்கன ஒளிச்சு வச்சிருந்துச்சு?" என்றார்.

எனக்கு வருத்தமே வரவில்லை. அது போட்ட வட்டங்களை என் எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தது.