இடது கால் உரசுகிறது

ஸ்டுடியோவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளி முதல் தயாரிப்பாளர் வரை எல்லோருக்கும் அவர் ‘காலடி’தான். சினிமாவில் ஒருவர் நடந்து வரும்போது நமக்குக் கேட்கிற சத்தம் பெரும்பாலும் அந்த நடிகருடையதல்ல. படப்பிடிப்பில் மைக் பேசுகிற வாயைத்தான் துரத்தும். காலை யாரும் சீந்த மாட்டார்கள். படத்தை வெட்டி ஒட்டி முடித்த பிறகு, ஓர் இருட்டு அறையில் திரையைப் பார்த்தபடி இன்னொருவர் அந்த நடையை நடந்து கொடுப்பார். கதாநாயகன், வில்லன், போலீஸ்காரர், பிணம் தூக்குகிறவர் என்று இருபத்தாறு வருடங்களாக ஊரார் நடைக்கெல்லாம் தன் கால்களைக் கொடுத்துப் பிழைத்தவர் அவர்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒன்றில் சிமென்ட், ஒன்றில் மரப்பலகை, ஒன்றில் டைல்ஸ், ஒன்றில் சரளைக்கல் போட்டிருப்பார்கள். முழங்கால் உயரத்தில் ஒரு மைக். சுவரோரம் நூற்றுச் சொச்சம் ஜோடிச் செருப்புகள். மொடமொடக்கிற சட்டை போடக்கூடாது, வெறும் வயிற்றோடு வரக்கூடாது. ஒருமுறை பேய்ப் படத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது அவர் வயிறு உறுமியது அப்படியே பதிவாகிப் படத்திலும் போய்விட்டது. பேயின் குரல் புதுமை என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

பெண்களின் நடையில் மட்டும் அவருடைய பாச்சா பலிக்கவில்லை. அவரோடு வேலை பார்த்த ஒலிப்பதிவாளர் எதையும் தூக்கிப்போட மனம் வராதவன். கிழிந்த பஸ் டிக்கெட்டைக்கூட மேசையில் சேர்த்து வைப்பான். அதனால் அவனுக்குக் ‘குப்பை’ என்று பெயர் விழுந்திருந்தது. அவன்தான் ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னான்: “அண்ணே, ஹீரோயின் மாடியிறங்கி வந்தா பீரோவை உருட்டி விட்ட மாதிரி இருக்கு. இப்படிப் போட்டா அந்தப் பொண்ணு நம்ம மேல கேஸ் போடும்.”

அப்போதுதான் அவர் மனைவி, அவர் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்து நின்றாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை, மதியத்தோடு விட்டுவிடுவார்கள். “அண்ணி, சும்மா நாலு எட்டு நடந்து காட்டுங்களேன்” என்றான் குப்பை. அவள் திரையைப் பார்த்தாள், நடந்தாள். முதல் தடவையிலேயே பொருந்திவிட்டது. நடிகையின் பாதம் திரையில் தெரியவேயில்லை.

“எப்படிம்மா?” என்றார் அவர்.

“காலையே தேடிக்கிட்டிருந்தா எப்படிங்க? தோளைப் பாருங்க. தோள் இறங்கிடுச்சுன்னா கால் விழுந்தாச்சுன்னு அர்த்தம்.”

அன்றிலிருந்து பெண் நடையெல்லாம் அவளுடையது. பதினோரு வருடங்கள் இருவரும் அந்த இருட்டறையில் சேர்ந்து நடந்தார்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த நாளிலும், திரையில் காதலர்கள் கைகோத்துப் போனால் இவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று நடந்தாக வேண்டும். “என்ன, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே காதல் பண்றீங்க?” என்று குப்பை கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கிண்டலடிப்பான்.

அப்புறம் ஒரு படம் வேலைக்கு வந்தது. ஒரு புது டைரக்டரின் முதல் படம். வீட்டை விட்டுப் போன மகனைத் தேடி அலைகிற ஒரு தாயின் கதை. நடுவில் ஒரு காட்சி. மகன் ஓர் அறைக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேமரா அவனை விட்டு அசையாது. வெளியே தாய் நான்கு மாடி ஏறி வருவது காதில் மட்டும் கேட்கும். கதவு வரை வந்து நிற்பாள். தட்டாமல் திரும்பி இறங்கிப் போவாள். நான்கு நிமிடம், வசனம் இல்லை, இசை இல்லை. அதை அவர் மனைவி மூன்று நாட்களில் முப்பத்தொரு டேக்கில் நடந்து கொடுத்தாள். படம் ஓடு ஓடென்று ஓடியது. அந்தக் காட்சியைப் பற்றிப் பேசாதவர் இல்லை. பேசியவர்களில் ஒருவருக்கும் அது யாருடைய கால் என்று தெரியாது.

அது பதிவாகிப் பத்து மாதம் கழித்து அவள் குளியலறை வாசலில் தடுக்கி விழுந்தாள். டாக்டர்கள் நரம்பு நோய் என்றார்கள். காலில் தொடங்கி, கைக்குப் போய், நாக்குக்கு வரும், மருந்து இல்லை. வெளியூரில் வேலையிலிருந்த மகள் சேதி தெரிந்த மூன்றாவது வாரமே எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தாள். வந்தபோது அம்மாவுக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. அம்மா கண்மூடும்வரை ஆறு மாதம் கூட இருந்தாள். அதில் கடைசி நாலு மாதம் பேச்சே இல்லை.

“இன்னும் கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருக்கக்கூடாதாப்பா?” என்று அதன் பிறகு மகள் எத்தனையோ முறை கேட்டாள். “நல்லாப் பேசிட்டிருந்த அம்மாகூட ஒரு மாசமாவது இருந்திருப்பேன்.”

“யாருக்குமே தெரியலையேம்மா” என்பார் அவர். சத்தியமாக அதை நம்பித்தான் சொன்னார்.

இரண்டு வருடம் போயிற்று. மகள் இங்கேயே ஒரு கண்ணாடிக் கடையில் வேலை தேடிக்கொண்டு அவரோடு தங்கிவிட்டாள். டைரக்டர் இரண்டாம் பாகம் எடுத்து முடித்துவிட்டு ஸ்டுடியோவுக்கு வந்தார்.

“தம்பி, ஓடின படத்தைச் சும்மா விடுங்களேன். ரெண்டாம் பாகம்னாலே அதே சட்டையைத் துவைச்சுப் போட்டுக்கிட்டு வர்ற மாதிரிதான் இருக்கும்” என்றார் காலடி.

“எல்லாப் படமும் அப்படி இல்ல அண்ணே” என்று குப்பை டைரக்டருக்காக வரிந்துகட்டினான். “முதல் பாகத்துல யார் யாருன்னு சொல்றதுக்கே பாதிப் படம் போயிடும். ரெண்டாவதுல நேரா வீட்டுக்குள்ள போயிடலாம். உள்ளே சரக்கு இருந்தா முதலைத் தூக்கிச் சாப்பிட்டுடும்.”

டைரக்டர் சிரிக்கவில்லை. “முதல் படத்துல நாம காட்டாம விட்டது எதையாவது இதுல காட்டணும் சார். இல்லேன்னா நான் எதுக்கு எடுக்கணும், ஜனங்க எதுக்கு வரணும்?”

இதில் மகன் வீடு திரும்பிவிடுகிறான். தாய்க்கு வயதாகிவிட்டது, உடம்பு தளர்ந்துவிட்டது. ஒரு காலைப் பொழுதில் அவன் படுத்துக் கிடக்க, அவள் சமையலறையிலிருந்து அவன் அறைக்கு நடந்து வருகிறாள். இந்த முறையும் கேமரா மகன் முகத்தில்தான். அறைக்கு வெளியே கண்ணாடிக் கதவில் அவள் தோள் மட்டும் நிழலாக அசையும். அறுபத்திரண்டு அடிகள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான், அம்மா இனி அதிக நாள் இருக்கமாட்டாள் என்று அவன் புரிந்துகொள்ள வேண்டும்.

அதை நடந்து கொடுக்க வேறொரு பெண்ணை வரவழைத்தார்கள். கெட்டிக்காரி, ஆனாலும் ஒட்டவில்லை. காலடியே தன் மனைவியின் பழைய செருப்பைப் பாதி நுழைத்துக்கொண்டு நடந்து பார்த்தார். டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார். “நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா நடிக்கிற கால் மாதிரி இருக்கு.”

காலடி உள்ளுக்குள் நொறுங்கினார். முதல் படத்தின் உயிரே அவள் கால்தான். இதில் அது இல்லாமல் போனால், அவள் இருந்ததற்கு இருந்த ஒரே தடயத்தின் மேல் தானே சுண்ணாம்பு அடித்த மாதிரி என்று நினைத்தார். “அண்ணியோட பழைய டேக் எல்லாம் இருக்கு அண்ணே” என்று குப்பை மெல்லச் சொன்னான். “முப்பத்தொண்ணும் இருக்கு. நான் எதை அழிச்சிருக்கேன்?”

முதலில் முப்பத்தொன்றாவதைப் போட்டார்கள். எல்லோரும் கொண்டாடிய நடை. தெளிவாக, திடமாக விழுந்த அடிகள். இந்தத் தாய்க்கு அது ஆகாது. ஸ்டுடியோவில் படிக்கட்டு என்று ஒன்று கிடையாது, சிமென்ட் கட்டத்தில்தான் நடந்திருந்தாள். அதனால் ஒத்துப்போகும் என்று நினைத்திருந்தார்கள். வேகம் ஒத்துவரவில்லை.

“தள்ளின டேக்கையும் கேட்டுடுவோமே” என்று குப்பை பன்னிரண்டாவதைப் போட்டான்.

ஓர் அடி. பிறகு ஒரு சின்ன உரசல், அதன் பின்னால் தட்டையாக ‘தப்’. ஓர் அடி. உரசல். தப்.

 அந்தச் சத்தம் காலடிக்குத் தெரியும். அவள் நடக்க முடிந்த கடைசி வாரங்களில், படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே தினமும் காலையில் கேட்ட சத்தம் அது. அதைத்தான் இந்த டேக் பத்து மாதம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கியில் நடை நின்றது. அவருடைய குரலே கேட்டது. “இடது கால் உரசுதும்மா. தூக்கி வை.”

“தூக்கித்தாங்க வைக்கிறேன்.”

“வைக்கல. எனக்குக் கேக்குது.”

“உங்களுக்கு எறும்பு தும்மினாக்கூடக் கேக்கும்.” அவள் சிரித்தாள். “சரி, இன்னொரு தடவை.”

குப்பை பழைய பதிவு நோட்டை எடுத்துப் புரட்டினான். பன்னிரண்டு, பதினாறு, பத்தொன்பது, இருபத்துநாலு என்று எண்களுக்கு நேரே காலடியின் கையெழுத்தில் ஒரே வரி: ‘இடது கால் உரசுகிறது. வேண்டாம்.’ காலையில் எடுத்தவை சுத்தமாக இருந்தன. அவள் களைத்த பிறகு எடுத்தவற்றில்தான் உரசல். மூன்றாவது நாள் அது பாதிக்கு மேல் வந்துவிட்டது. அவர் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தார். தூக்கி வை, தூக்கி வை என்று விரட்டி, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கி வைத்த ஒன்றைப் பொறுக்கியெடுத்துத்தான் ஊர் கொண்டாடிய காட்சியைச் செய்திருந்தார். எறும்பு தும்மினால் கேட்கிற காதுக்கு எல்லாம் கேட்டிருந்தது. கேட்டது என்னவென்றுதான் விளங்கவில்லை.

“சார், இதுதான்! இதேதான்!” டைரக்டர் எழுந்தே விட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. “இதை ஏன் அப்போ வேண்டாம்னீங்க?”

குப்பை நோட்டை மூடி வைத்தான்.

“ஒரு நாள் டைம் கொடுங்க தம்பி” என்றார் காலடி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் மத்தியான வெயிலில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தார். பழைய டேக்கில் கேட்டதைச் சொன்னார். நோட்டில் தான் எழுதியிருந்த வரியையும் சொன்னார். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார்.

“என்ன தேதி?” என்றாள் மகள்.

சொன்னார்.

அவள் உதடுகள் மாதங்களை எண்ணுவது தெரிந்தது. “பத்து மாசம்ப்பா.”

“ஆமா.”

“அன்னிக்கு ஒரு போன் பண்ணி, அம்மா காலை இழுக்கிறாடீன்னு சொல்லியிருந்தா...”

“தெரிஞ்சிருந்தாலும் மருந்து இல்லைன்னு டாக்டர்...”

“மருந்துக்காகவா கேட்டேன்? பேசுறதுக்குப்பா. அம்மா என்கூடப் பேசுறதுக்கு.”

 அவள் பாதி மடித்த துணியை விட்டுவிட்டு எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தாள். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

“படத்துல போடப் போறீங்களா?”

“நீ வேண்டாம்னா போடல.”

“என்மேல தள்ளாதீங்க. வேண்டாம்னு ஒருதடவை எழுதினது நீங்கதான். இதையும் நீங்களே சொல்லுங்க.”

அவள் பாதியில் விட்ட துணியை எடுத்து அவர் மடித்து வைத்தார். “போடுறேன்” என்றார்.

நான்கு நாள் வேலை. தள்ளிய டேக்குகளிலிருந்து ஒவ்வோர் அடியாக வெட்டியெடுத்து, திரையில் அந்த நிழலின் தோள் இறங்கும் இடத்தில் வைத்தார். அவள் சொல்லிக்கொடுத்த வித்தையைக் கொண்டே அவளை நடக்க வைத்தார். அறுபத்திரண்டு அடிகளில் ஒன்றுகூட இன்னொருவருடையது இல்லை. உரசல் கொஞ்சம் கூடுதலோ என்று குப்பை ஒரே ஒரு முறை கேட்டான். “கை வைக்காதே” என்றார். 

படம் வந்தது. அசல் படத்தை மிஞ்சிய இரண்டாம் பாகம் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். கடைசி நடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். டைரக்டர் வீடு தேடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். ஸ்டுடியோ வாசல் காவலாளிகூட, “முதல் படம் இதுகிட்ட நிக்க முடியாது காலடி சார்” என்றார். மகள் மட்டும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் அவளே கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு டிக்கெட் வாங்கி வந்தாள்.

பகல் காட்சி. பாதி அரங்கு காலி. அந்த இடம் வந்தபோது, சோளப்பொரிப் பையைக் கிளறிக்கொண்டிருந்த முன்வரிசைக்காரர்கூடக் கையை நிறுத்தினார். ஓர் அடி, உரசல், தப். ஓர் அடி, உரசல், தப். அவர் திரையைப் பார்க்கவில்லை. மகள் கண்ணை மூடியிருந்தாள். அறுபத்திரண்டும் முடியும்வரை திறக்கவில்லை.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கணவனும் மனைவியும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள். “முதல் பாகமெல்லாம் சும்மாங்க. இதுல அந்தம்மா நடக்கிறப்போ எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு.”

“அப்போ அடுத்த பாகமும் எடுப்பாங்க, பாரு.”

அவர்கள் போகும்வரை காத்திருந்து காலடி மகளிடம் கேட்டார். “நிஜமாவே இதுதான் உசத்தியாம்மா?”

மகள் ஸ்கூட்டர் சாவியைப் பையில் தேடிக்கொண்டே சொன்னாள். “இருக்கலாம். எனக்கு முதல் படம்தான்ப்பா.”

“ஏன்?”

“அதுல அம்மா நல்லா நடக்கிறாங்க.”

“அது நல்ல நடை இல்லம்மா. முடியாமத்தான் நடந்தா. நான் விரட்டினேன்னு தூக்கி வெச்சா.”

“தெரியும்ப்பா. இருந்தாலும் அதுதான்.”

சாவி கிடைத்துவிட்டது. அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நின்றாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.