குரல் போன ஆண்டின் விஞ்ஞான வகுப்பு

சென்ற மாதம் உவர்மலையில் ஒரு திருமண வீட்டில், எனக்கு அறிமுகமில்லாத ஓர் அம்மா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் கதையை எனக்கே சொன்னார்.

“உங்களுக்குத் தெரியுமோ, சல்லி ஊர்ப் பக்கத்தில ஒரு டீச்சர். மூண்டு வருசமாக் கதைக்கவே ஏலாதாம். ஜெபக்கூட்டத்தில தலையில கை வைச்ச உடன அல்லேலூயா எண்டு கத்தினாவாம். ரோட்டால போன சனத்துக்கும் கேட்டதாம்.”

“அது நான்தான் அம்மா,” என்றேன். “மூண்டு வருசமில்ல, ஏழு மாசம். நான் கத்தவும் இல்ல.”

அவர் என் கரகரத்த குரலை உற்றுக் கேட்டார். “அப்ப இன்னும் முழுசா வரேல்லையோ?” என்றார். அந்த முகத்தில் இருந்தது ஏமாற்றம்தான். நான் அவருடைய நல்ல கதையைக் கெடுத்துவிட்டேன்.

வீடு திரும்பும்போது எனக்குள் ஒரு தீர்மானம் பிறந்தது. ஆண்டவர் செய்த உதவிக்கு நாம் மெருகு பூச வேண்டியதில்லை. கூட்டிச் சொன்ன சாட்சி கேட்பவரை ஒரு நாள் மகிழ்விக்கும். பிறகு, அவருடைய ஜெபத்துக்கு அப்படியொரு பதில் வராதபோது அவரைச் சோரச் செய்யும். ஆகவே இங்கே நான் சரிபார்த்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். என் கிளினிக் கொப்பி, பாடசாலைப் பதிவுப் புத்தகம், என் நாட்குறிப்பு, கைபேசியில் உள்ள ஒலிப்பதிவுகள் ஆகியவற்றோடு ஒவ்வொரு செய்தியையும் ஒப்பிட்டேன். பிறர் பேசியதாக எழுதியிருப்பவற்றை அவரவரிடம் வாசித்துக் காட்டி, ஓம், சரி என்ற பிறகே சேர்த்தேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக விஞ்ஞானம் கற்பிக்கிறவள். எங்கள் பாடசாலை கடலுக்கு மிக அருகே இருக்கிறது. தகரக் கூரையில் காற்றும் அடிக்கும், அலையும் இரையும். அந்த இரைச்சலுக்கு மேலே நாற்பது நிமிடம் ஓயாமல் பேசி, கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கச் செய்வேன். அதுவே என் பெருமை. என் கற்பித்தல் என்பது என் குரல்தான் என்று நம்பியிருந்தேன்.

சென்ற ஆண்டு முதலாம் தவணையில் ஒரு சளித் தடிமன் வந்தது. தடிமன் ஒரு வாரத்தில் போயிற்று. அதோடு குரலும் போயிற்று. ஒரு புதன்கிழமை காலை வரவு கூப்பிட வாய் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. வைத்தியர் குழாய்க் கருவியால் தொண்டையைப் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் ஒன்று அசையவில்லை என்றார். அதை இயக்கும் நரம்பு செயலிழந்திருந்தது. சிலருக்கு ஓராண்டுக்குள் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. கிசுகிசுப்பதும் கூடாது, அது நாண்களை இன்னும் வருத்தும். இவ்வளவும் கிளினிக் கொப்பியில் இருக்கிறது.

பதினோராம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். ஆண்டு முடிவில் சாதாரண தரப் பரீட்சை. விஞ்ஞானத்துக்கு வேறு ஆசிரியர் இல்லை. மூன்று வாரம் கரும்பலகையை நிரப்பி நிரப்பி அழித்தேன். அவர்கள் பார்த்து எழுதினார்கள். விளங்கியதா என்று கேட்க எனக்கு வழியில்லை.

அதிபர் நல்லவர். என்னை அழைத்து, சொல்ல மனமில்லாமல் சொன்னார்:

“டீச்சர், உங்கள அனுப்ப எனக்கு விருப்பமில்ல. ஆனா குரல் இல்லாம நீங்கள் என்ன செய்வியள்? கல்விக் கந்தோரில எழுத்துவேலை ஒண்டு இருக்குதாம். வெள்ளிக்கிழமைக்கிடையில யோசிச்சுச் சொல்லுங்கோ.”

நான் தாளில் எழுதிக் காட்டினேன்: பிள்ளைகள்?

“அதை மட்டும் கேக்காதேங்கோ,” என்றார்.

வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் நேரே ஆலயத்துக்குப் போனேன். உள்ளே ஒருவரும் இல்லை. திறந்த கதவு வழியே துறைமுகத்துக் கப்பலின் ஊதொலி கேட்டது. முழந்தாளிட்டேன். நான் எப்போதும் வாய்விட்டு ஜெபிக்கிறவள். எனக்கு வேறு விதமாக ஜெபிக்கத் தெரியாது. உதடு அசைந்தது. ஒலி இல்லை. அழுகைகூட ஒலியில்லாமல் வந்தது. நான் பணிவாக ஜெபித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவன்று. ஆண்டவரோடு வழக்காடினேன். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் எழுதிய விண்ணப்பம் இதுதான்: “குரலைத் திருப்பித் தாரும். இல்லையேல் வேறோர் ஆசிரியரை அனுப்பும். அந்த முப்பத்தொரு பேரையும் கைவிடாதேயும்.”

மறுநாள் காலை, முதல் மணி அடிக்குமுன், நஸீரா டீச்சர் வந்தார். அவர் எங்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் கற்பிப்பவர். கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவர்.

“கந்தோர் வேலைக்குக் கையெழுத்து வெச்சிட்டீங்களா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“அப்ப வெக்காதீங்க. முதல்ல இதப் பாருங்க.”

அவர் கைபேசியில் விஞ்ஞானப் பாடங்கள் காணொளியாக ஓடின. தூய தமிழ், தெளிவான படங்கள். யாருடையவை என்று எழுதிக் கேட்டேன்.

“பேர் போடல்ல. கதைக்கிற விதத்தப் பாத்தா இந்தியாவில ஒரு சேர் போல. ஆனா கீழ எழுதியிருக்கிறதப் படிங்க. யாரும் எடுக்கலாம், மாத்தலாம், மத்தவங்களுக்கும் குடுக்கலாம். ஒரு சதமும் வேணாமாம்.”

பிறர் எழுத்தில் ஒரு வரியைத் தொடவும் கூசுகிறவள் நான். ‘மாற்றவுமா?’ என்று எழுதினேன்.

“மாத்தவும்தான் டீச்சர். அதுக்குத்தானே திறந்து வெச்சிருக்காங்க!”

அதிபர் ஒரு தவணை பொறுத்துப் பார்க்கச் சம்மதித்தார். பாடங்களைப் பதிவிறக்கி, திரையில் காட்டினோம். பிள்ளைகள் வாய் பார்த்தபடி இருந்தார்கள். எனக்கு ஆறுதல். மாதம் முடிந்து ஒரு சோதனை வைத்தேன். விடைத்தாள்களைத் திருத்தியபோது அந்த ஆறுதல் போயிற்று. நம் பாடநூலில் ஆர்முடுகல் எனப்படுவதைப் பலர் முடுக்கம் என எழுதியிருந்தார்கள். அது இந்திய வழக்கு. பிழையன்று, ஆனால் நம் பரீட்சைத்தாளில் அது வராது. அதைவிடப் பெரிய துயரம், எடுத்துக்காட்டுகளெல்லாம் புகைவண்டியில் இருந்தன. எந்தக் கணக்கும் சரிவரவில்லை. சரிபார்க்காமல் முழுதாக வாங்கிக் காட்டியது என் பிழை.

தர்ஷினி என்றொரு மாணவி. எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள். எழுந்து நின்றாள்.

“டீச்சர், அந்த சேர் நல்லாத்தான் படிப்பிக்கிறார். ஆனா சரியான கெதி, வேகமாப் போறார். நாங்கள் கோச்சியில ஏறினதே இல்ல. வள்ளத்தில வைச்சுச் சொல்லுங்கோ. மாத்தலாம் எண்டு போட்டிருக்குத்தானே? அவற்ற குரலை எடுத்துப்போட்டு நாங்களே கதைக்கட்டோ?”

பின் வாங்கிலிருந்து ஒரு குரல்: “நீ கதைச்சா அந்த சேரை விடக் கெதி!”

வகுப்பே சிரித்தது. நான் கரும்பலகையில் ஓம் என்று எழுதினேன்.

ஆனால் முப்பத்தொரு பேரும் ஒன்றாகப் பேசத் தொடங்கினால், குரலற்ற ஒருத்தி எப்படி வகுப்பை நடத்துவது? அடிமட்டத்தால் மேசையில் தட்டினேன். அலையிரைச்சலில் அது எடுபடவில்லை. அதற்கும் தர்ஷினிதான் வழி சொன்னாள்.

“அப்பா கரைவலைக்குப் போறவர் டீச்சர். அங்க ஆரும் கத்துறேல்ல. கத்தினாலும் கேக்காது. வலைக்குப் பொறுப்பானவர் துணியை ஆட்டுவார். அதைப் பாத்துத்தான் ரெண்டு பக்கமும் இழுக்கிறது.”

மறுநாள் ஒரு சிவப்புத் துவாய்த் துண்டோடு போனேன். எல்லாரும் அமைதியாகுங்கள் என்ற கருத்தில் அதைத் தலைக்கு மேல் விரைவாகச் சுழற்றினேன். இடப்பக்கத்து இரண்டு வரிசையும் துள்ளி எழுந்து, மேசைகளைப் பிடித்து ஓவென்று சுவர்ப்பக்கம் இழுத்தன. ஒரு மேசை கவிழ்ந்தது. என்ன செய்கிறீர்கள் என்று பதறி எழுதினேன்.

“நீங்கள்தானே டீச்சர் சொன்னியள், மீன் தப்பப் போகுது, இடப்பக்கம் ஓடி இழு எண்டு!”

நான் சிரித்தேன். ஒலி வரவில்லை, வயிறு நொந்தது. குரல் போன பிறகு முதன்முறை சிரித்த நாள் அது. அன்றைய விஞ்ஞான பாடம் முழுவதும், அவர்கள் எனக்குக் கரைவலைச் சைகைகளைக் கற்பித்தார்கள். உயர்த்திப் பிடித்தால் நிறுத்து. தாழ்த்தினால் மெதுவாக. வலப்பக்கம் வீசினால் வலப்பக்கத்தார் பேசு. அவர்களுடைய தகப்பன்மாருக்குக் கடற்கரையில் பயன்படாத ஒன்றைத்தான் நான் இழந்திருந்தேன் என்று எனக்கு அப்போது தோன்றியது.

பிறகு வேலை தொடங்கியது. நான் வசனம் எழுதுவேன்; அவர்கள் வாதாடித் திருத்துவார்கள். புகைவண்டி வள்ளமாயிற்று. உராய்வு, மணலில் இழுபடும் வலைக்கயிறாயிற்று. நூலகத்தில் இரண்டு புத்தக அலுமாரிகளுக்கு நடுவே நின்று பேசிப் பதிந்தார்கள். அங்கேதான் அலை கொஞ்சம் அடங்கிக் கேட்டது. நஸீரா டீச்சர் ஒலியைப் படத்தோடு பொருத்தினார். அப்போது ஒன்று கண்டேன். விளங்காத வசனத்தைப் பிள்ளையால் இயல்பாகப் பேச முடியாது. சரியாக அந்த இடத்தில் நாக்குத் தடுக்கும். தடுக்கிய இடமெல்லாம் நான் மீண்டும் கற்பிக்க வேண்டிய இடம். இருபத்திரண்டு ஆண்டுகள் இதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன். என் குரல் ஓய்ந்தால்தானே அவர்களுடையது கேட்கும்.

மாற்றிய பாடங்களை, நாங்கள் பெற்றது போலவே, யாரும் எடுக்கலாம் என்று எழுதித் திறந்து வைத்தோம். கிண்ணியாவில் ஒரு பாடசாலை மாணவியர் சிலவற்றுக்குத் தங்கள் குரலைக் கொடுத்து எங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். இலங்கைத்துறையிலிருந்து ஓர் ஆசிரியை செய்தி அனுப்பினார்: “வள்ளப் பாடத்தில அலைச்சத்தம் கேக்குது. அதை எடுத்துப்போடாதேங்கோ. எங்கட பிள்ளையளுக்கு அது இருந்தாத்தான் பள்ளிக்கூடம் மாதிரி.”

அதிபர் கந்தோர் வேலையைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

ஜெபக்குழுவினர் புதன்தோறும் என் குரலுக்காக மன்றாடினார்கள். நானும் மன்றாடினேன், ஆனால் முன்பு போல வழக்காடவில்லை. குரல் போன ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், தர்ஷினி ஆர்முடுகல் பாடத்தைப் பதிந்துகொண்டிருந்தாள். அலகைத் தவறாகச் சொன்னாள். துவாயை உயர்த்தினேன். அவள் கண் தாளில் இருந்தது. மறுபடியும் அதே தவறு.

“இல்லை,” என்று ஓர் ஒலி வந்தது. உடைந்த, தவளை கத்துவது போன்ற ஒலி.

“ஐயோ, ஆரது குறுக்க? முழுப் பதிவும் பழுதாப் போச்சு!” என்று தர்ஷினி சினந்து திரும்பினாள்.

நூலகத்தில் நஸீரா டீச்சரும் அவளும் நானும் மட்டுமே இருந்தோம்.

“டீச்சர்... நீங்களோ?”

இந்த இடத்தை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ‘நீங்களோ’ என்பது அலையோசைக்கு நடுவே கேட்கிறது. பிறகு நஸீரா டீச்சர் “அல்ஹம்துலில்லாஹ்!” என்பதும், நான் “ஸ்தோத்திரம்” என்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பிறகு தர்ஷினியின் கூச்சல். பிறகு ஓடிவரும் கால்கள். இறுதியில் அதிபர் குரல்: “என்ன, என்ன உடைஞ்சது?” அன்றைய பதிவுப் புத்தகத்தில் அவர் தம் கையால் எழுதியிருக்கிறார்: விஞ்ஞான ஆசிரியைக்குக் குரல் வந்தது.

அன்று வந்தவை இரண்டே சொற்கள். வாரம் செல்லச் செல்ல அவை வசனமாயின. இப்போது பத்து நிமிடம் பேசுகிறேன், பிறகு தொண்டை களைத்துவிடும். அந்தப் பத்து நிமிடம் போதும் என்பதே என் வாழ்வில் நேர்ந்த மாற்றம். மீதி முப்பது நிமிடமும் பிள்ளைகள் பேசுகிறார்கள், நான் துவாயோடு நிற்கிறேன். காலையில் பாடசாலை வாயிலில் கால் வைக்கும்போது, முதல் நியமனம் பெற்ற பெண்ணைப் போல மனம் துள்ளுகிறது.

அன்பானவர்களே, நான் இரண்டு கேட்டேன்: என் குரல், அல்லது இன்னோர் ஆசிரியர். ஆண்டவர் வேறொரு சமயத்துச் சகோதரி கையில், பெயர் தெரியாத ஒருவரின் உழைப்பைக் கொடுத்தனுப்பினார். முப்பத்தொரு பிள்ளைகளின் வாயையும் திறந்தார். நான் குரலைத் தேடி ஏங்குவதை மறந்திருந்த ஒரு முற்பகலில் அதையும் தந்தார். உங்களிடம் இல்லாததை ஒளிக்காமல் அவர் முன் வையுங்கள். வழக்காட வேண்டுமானால் வழக்காடுங்கள்; என்னைப் பொறுத்துக்கொண்டவர் உங்களையும் பொறுத்துக்கொள்வார். எழுந்த பிறகு, மறுநாள் காலை உங்களிடம் வருகிறவர் சொல்வதை நின்று கேளுங்கள்.

இனி, எனக்குத் தெரியாதவை. அந்தப் பாடங்களை ஆக்கியவர் யாரென்று தெரியாது. நன்றி எழுதினோம், பதில் வரவில்லை. பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டார்கள். பெறுபேறு இன்னும் வெளிவரவில்லை. நரம்பு மேலும் தேறுமா, பத்து நிமிடம் நாற்பதாகுமா, அல்லது இவ்வளவுதானா என்று சென்ற கிளினிக்கில் வைத்தியரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது.