கழுத்துக் கட்டியும் மாமியின் நேர்ச்சையும்

அன்பான சகோதர சகோதரிகளே, நான் அழுவதற்காக எழும்பி நிற்கவில்லை. நன்றி சொல்ல நிற்கிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாட்டில் சண்டை முடிந்து மூன்றாம் வருடம், தவக்காலம். என் கழுத்தில் ஒரு கட்டி. புத்தளத்தில் ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். ரிப்போர்ட் இங்கிலீசில் வந்தது. மருந்துக்கடைத் தம்பி வாசித்துவிட்டு, "கலங்கள், அதான் செல்லுகள், வழமையான மாதிரி இல்லையாம் அக்கா" என்றான். நான் குறிஞ்சிப்பிட்டிக்கு பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் ஊரே எனக்குக் கான்சர் என்று முடிவுகட்டிவிட்டது. மாலையில் ஐந்தாறு பெண்கள் வீட்டுக்கு வந்து எனக்காக நல்மரண செபம் சொன்னார்கள். என் சின்னவள் அப்போது சிறுபிள்ளை, கோயிலில் முதல்நன்மைகூட வாங்கவில்லை. அவளைப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

என் மாமிக்கு, என் கணவரின் அம்மாவுக்கு, என்மேல் உயிர். அதுதான் கரைச்சலே. அவர் புனித அன்னம்மாள் சுரூபத்துக்கு முன்னால் எனக்காக நேர்ந்துவிட்டார். அன்னம்மாளின் ஆகஸ்ட் திருவிழா முடியும்வரை என் உடம்பில் கத்தி படாதாம். எங்கள் கரையில் ஒருவருக்காக இன்னொருவர் நேர்ந்தாலும் அது அவரையும் கட்டும். மீறினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். திருவிழாவுக்கோ இன்னும் ஐந்து மாதம் கிடந்தது.

கடற்கரை வாடியில் கருவாடு புரட்டிக்கொண்டே செபித்தேன். கெஞ்சவில்லை. "ஆண்டவரே, சாவதென்றால் சாகிறேன். என்னவென்று தெரியாமல் சாகமாட்டேன். அதைச் சொல்ல ஒருவரைக் காட்டும்" என்றேன்.

அடுத்த கிளினிக்கில் ஒரு சிங்கள டொக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து விளக்கினார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ் தமிழில் சொன்னார்.

"அக்கா, இது கான்சர் எண்டு எழுதேல்ல. இல்லையெண்டும் எழுதேல்ல. கலங்கள் கொஞ்சம் வடிவம் மாறியிருக்கு. கான்சர் இல்லாத கட்டியிலயும் அப்படி வரும். திரும்பவும் பாக்கோணும்."

என் செபத்துக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. சுகம் பிறகுதான் வந்தது.

இரண்டாம் ஊசியிலும் அதே பதில்தான். கழுத்துத் தைரொயிட் சுரப்பியில் கட்டி இருந்த பாதியை வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார்கள். நான் ஓம், எடுங்கள் என்றேன்.

"நேர்ச்சைய மீறப் போறியா பிள்ள?" என்றார் மாமி.

"மாமி, நேர்ச்சை நீங்க வச்சது. கழுத்து என்ட. அன்னம்மாளும் ஒரு தாய்தானே, என்னோட கோவிக்க மாட்டா."

அதன்பிறகு அவர் என்னோடு கதைக்கவேயில்லை. ஆனால் ஒப்பரேஷன் அன்று காலையில், கையில் கஞ்சிப் போத்தலோடு வார்ட் வாசலில் நின்றார். அதைக் குடிக்கக்கூடாது என்று மிஸ் சொன்னதும் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு செபமாலையை எடுத்தார்.

கான்சர் இல்லை என்று முடிவு வந்தது. சுரப்பியின் மிச்சப் பாதியை இன்றும் கிளினிக்கில் காட்டி வருகிறேன். மாமி தன் நேர்ச்சையால்தான் நான் பிழைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்கிறார். நானும் மறுப்பதில்லை, அந்த வருடத் திருவிழாவில் அவரோடு யாத்திரிகர் கொட்டிலில்தான் தங்கினேன்.

நல்ல முடிவு வந்ததை மட்டும் என் சாட்சியாக எடுக்காதீர்கள். கெட்ட முடிவு வந்த சகோதரிகளும் செபித்தவர்கள்தான். ஆண்டவர் அவர்களைக் கைவிடவில்லை. அப்படியொரு ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்தால் ஊரிடம் அர்த்தம் கேட்காதீர்கள். செபியுங்கள், செபித்துக்கொண்டே பஸ் ஏறுங்கள். எனக்குக் கான்சர் என்று வந்திருந்தாலும் இதே இடத்தில் நின்று இதே நன்றியைத்தான் சொல்லியிருப்பேன்.